இல்லாதப்பவும் வருதா?

ஒயரைக் கழற்றி வைத்துவிட்டு நெட் வேகம் பார்த்த ஆள், என் இருபத்திரண்டு வருஷக் கேபிள் தொழிலில் அவர் ஒருவர்தான்.

அன்றைக்கு அவர் வீட்டு ஹாலில் புது லைனைக் கொடுத்துவிட்டு, அவருடைய லேப்டாப்பிலேயே வேகத்தைப் போட்டுக் காட்டினேன். "பாத்துக்கம்மா, புதுச்சேரி டவுன்லகூட இந்த ஸ்பீடு கெடையாது" என்று கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னதும் உண்மை. அவர் குனிந்து மோடத்திலிருந்த ஒயரைப் பிடுங்கினார். மறுபடியும் டெஸ்ட் போட்டார்.

"இன்னாம்மா இது, ஒயரே இல்லாம இன்னா டெஸ்டு?"

"இல்லாதப்பவும் வருதான்னு பாக்குறேண்ணே."

"ஒயர் இல்லாம எப்டிம்மா வரும்?"

"வராதுன்னுதான் நானும் நெனைக்கிறேன். பாத்துட்டா தீந்துபோச்சு."

வந்தது. அதே வேகம். லேப்டாப் அதுவரைக்கும் அவருடைய செல்போன் நெட்டில்தான் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. நான் பெருமை அடித்துக்கொண்டதெல்லாம் எவனோ கொடுத்த சிக்னலுக்கு.

"பரவால்லண்ணே, எங்களுக்கும் இப்டி ஆவும்" என்றார். கேலி பண்ணியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு உறைத்திருக்காது.

அவர் பேரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், கனடாவிலிருந்து போன் போட்டு, நான் எழுதியதில் எது அவர் சொன்னது, எது நானாகச் சேர்த்தது என்று பிரித்துக் கேட்பார். அவரைப் பார்த்து நாலு வருஷம் ஆகிறது. பழகியது மொத்தம் ஒரு மாதம். ஆனாலும் இன்றைக்கும் எந்த வீட்டில் கம்ப்ளெயிண்ட் என்று போனாலும் முதலில் அவர் குரல்தான் காதில் கேட்கிறது. இல்லாதப்பவும் வருதா?

எங்களுடையது வில்லியனூருக்குப் பக்கத்தில் மாதா கோயில் இருக்கிற ஊர். அவருடைய அம்மா அந்தக் கோயில் தெருவில் தனியாக இருந்தார். நான் பெரியம்மா என்று கூப்பிடுவேன். அவர் என்னைக் கூப்பிடுவது "கேபிளு". எனக்கு அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று உண்டு என்பதையே அந்த அம்மாள் ஒத்துக்கொண்டதில்லை. வாரம் தவறாமல் அவரிடமிருந்து போன் வரும். "கேபிளு, உன் நெட்டு சரியில்ல. எம் பொண்ணு கூப்ட முடியல." தெருவில் யார் விசாரித்தாலும் இதே பதில்தான். "பொண்ணு பேசிச்சா?" "எங்க பேசறது, அந்த கேபிளு நெட்டு நெட்டா அது?" நான் ஓடுவேன். பார்த்தால் பச்சை விளக்கு ஜம்மென்று எரியும். முனையை மாற்றினேன், மோடத்தை மாற்றினேன், கம்பத்திலிருந்து புது ஒயரே இழுத்தேன். கம்ப்ளெயிண்ட் மட்டும் மாறவில்லை. மோடத்துக்குப் பக்கத்துச் சுவரில் பென்சிலால் சின்னச் சின்னதாகக் கோடுகள் வேறு கிழித்து வைத்திருந்தார். நெட் போன நாளையெல்லாம் எண்ணி வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அந்தச் சுவரைப் பார்க்கவே எனக்குக் கூசும்.

அப்புறம் பெரியம்மா பின்கட்டில் வழுக்கி விழுந்தார். இடுப்பில் ஆபரேஷன். பொண்ணு லீவு போட்டுவிட்டு வந்து இறங்கினார்.

முப்பத்தெட்டு வயசு இருக்கும். ஒல்லி. கொண்டையில் பேனாவைச் செருகிவிட்டு அதே பேனாவைத் தேடுகிற ரகம். உட்காரத் தெரியாது. ஹாலிலிருந்து தோட்டம், தோட்டத்திலிருந்து ஹால். ஒரு காலில் செருப்பு இருக்கும், இன்னொன்று எங்கேயோ கிடக்கும். சாப்பாடும் தட்டைக் கையில் ஏந்தியபடி நடந்துகொண்டேதான்.

"ஏண்டி, கால்ல சக்கரமா கட்டிகினு கீற? பாக்குற எனுக்குத் தல சுத்துது. செத்த உக்காருடி" என்று பெரியம்மா கட்டிலிலிருந்து கத்துவார்.

"உக்காந்தா எண்ணிக்கை வராதும்மா."

"நடந்தா மட்டும் வருதா?"

அவர் சட்டென்று நின்றார். "அது நல்ல கேள்வி" என்றார். பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

எண்ணிக்கை என்று அவர் சொன்னது இன்னதென்று தெரிந்துகொள்ள எனக்கு மூன்று நாள் பிடித்தது. முதலில் தெருவுக்கே வந்து சேர்ந்த செய்தி பெரியம்மா வாயால் வந்தது. "எம் பொண்ணுக்கு பீம் குடுத்துட்டாங்களாம். ஒம்போது நாளு." எதிர் வீட்டுக் கோழிக்காரம்மா வேலியோரம் நின்று கேட்டது: "மாப்ள பேரு பீமா? ஒம்போது நாளுக்கா லீவு குடுத்தாங்க?"

பீம் என்பது கதிர். அவர் வேலை பார்க்கிற ஆய்வுக்கூடம் கனடாவில். அங்கே இருக்கிற பெரிய மிஷினை ஒவ்வொரு ஆய்வாளர் கூட்டத்துக்கும் இத்தனை நாள் என்று முறை போட்டுக் கொடுப்பார்களாம். இவருடைய கூட்டத்துக்கு இரண்டு வருஷம் காத்திருந்து கிடைத்த ஒன்பது நாள், அம்மா கட்டிலில் கிடந்த நேரம் பார்த்து வந்து விழுந்தது. இங்கிருந்தே லேப்டாப்பில் பார்த்துக்கொள்கிறேன் என்று நடுராத்திரி ஷிப்டை வாங்கிக்கொண்டார். அங்கே நடுராத்திரி என்றால் நமக்கு மத்தியானம் பன்னிரண்டரை. இரவு எட்டரைக்கு முடியும். அதற்குத்தான் என் லைன்.

தினமும் பன்னிரண்டு மணிக்குப் போய் லைனைப் பார்த்துக் கொடுப்பது என் வேலையாகிவிட்டது. போனால் வாயைக் கொடுக்காமல் திரும்பி வர எனக்குத் தெரியாது.

"அப்டி இன்னாத்தம்மா எண்றீங்க?"

நடந்துகொண்டே சொன்னார். "ரெண்டு நட்சத்திரம் பக்கத்துல பக்கத்துல இருக்குண்ணே. ஒண்ணு செத்துப்போனது. சின்னது, ஆனா கனம். இன்னொண்ணு உயிரோட இருக்குறது. செத்தது உயிரோட இருக்குறதுகிட்டேர்ந்து வாயுவை உறிஞ்சிகினே இருக்கும். மேல மேல படிஞ்சிகினே வரும். ஒரு நாளைக்கு தாங்காது, வெடிச்சிடும்."

"எங்க மச்சான் குடும்பம் மாதிரி."

"வெடிச்சாலும் சாவாது. மறுபடியும் உறிஞ்ச ஆரம்பிச்சிடும்."

"அட, மச்சானேதான்."

அவர் சிரித்தார். சிரிக்கும்போதும் நிற்கவில்லை. அந்த வெடிப்புக்குள் என்ன நடக்கிறது என்று யாரும் போய்ப் பார்க்க முடியாது. அதனால் அதற்குள் நடக்கிற ஆயிரம் சங்கதியில் ஒரே ஒரு சங்கதியை மட்டும் ஆய்வுக்கூடத்தில் நடத்திப் பார்க்கிறார்கள். இவருக்கு வாய்த்தது சோடியம்.

"நம்ம உப்புல இருக்குதே, அதுவா?"

"அதோட தம்பி. எடை கொறைச்சல், ஆயுசும் கொறைச்சல். அர நிமிஷத்துல பாதி காணாமப் போயிடும். அதனால அங்கியே பண்ணி, அங்கியே அடிக்கணும்."

ஹைட்ரஜன் கேஸ் நிரப்பின ஒரு சின்ன அறைக்குள் அந்தச் சோடியத்தைக் கோடி கோடியாக எறிகிறார்கள். அந்த வீச்சுக்குத்தான் பீம் என்று பேர். எல்லாம் பட்டும் படாமலும் போய்விடும். எப்போதாவது ஒன்றே ஒன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது மெக்னீசியமாக மாறும். ஒட்டாததையெல்லாம் காந்தம் வைத்து ஓரம் தள்ளிவிட்டு, ஒட்டியதை மட்டும் கடைசி முனையில் ஒரு கருவி எண்ணுகிறது. அந்த ஒன்றுக்காகத்தான் இந்த நடை. நாள் முழுக்க ஒன்றும் வராமலும் போகுமாம்.

"வந்தா, 'வந்துடுச்சு'ன்னு குதிப்பீங்களா?"

"குதிக்க மாட்டேன். ஓரம் தள்ளினதுல ஒண்ணு ரெண்டு தப்பிச்சி வந்து, நாந்தான் ஒட்டினவன்னு பொய் சொல்லும். அதனால கேஸை வெளிய எடுத்துட்டு, வெறும் அறையில அடிச்சிப் பாக்கணும். ஒட்ட ஆளே இல்லாதப்பவும் வருதா?"

இது எனக்குப் புரிந்தது. பழைய டிவியில் ஒன்றும் ஓடாத சேனலைத் திருப்பினாலும் புள்ளி புள்ளியாகப் பொரியும். அது எந்தப் படமும் அல்ல. ஆனால் படம் ஓடும்போதும் அந்தப் புள்ளி உள்ளே இருக்கத்தான் செய்யும். நான் இதைச் சொன்னதும் அவர் நடையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அண்ணே, இதை நான் அங்க போய் சொல்லிக்கட்டுமா?" என்றார். அன்றைக்கு முழுக்க எனக்குக் கால் தரையில் படவில்லை.

ஆனால் அந்தக் கேள்வியை லேப்டாப்போடு மூடி வைக்க அவருக்குத் தெரியாது. கோழிக்காரம்மா ஒரு நாள் என்னை மடக்கிப் பிடித்தது. "த பாரு, நீ புள்ளையார்குப்பம் பக்கத்துலேர்ந்து இழுத்துகினு வந்தியே புது ஒயரு, அது வந்ததுலேர்ந்து எங்கோழி முட்டையே வைக்கல." நான் வாயைத் திறப்பதற்குள் வாசலிலிருந்து இவர் கேட்டார்: "ஒயர் இல்லாத போன சித்திரையில எத்தினி வெச்சுதுக்கா?"

"கோழி பின்னாடி குந்திகினு முட்டைய எண்றதா என் வேல? உன்னாட்டம் படிச்சிப்புட்டா இருக்குறேன், எண்ணிகினே கெடக்க?"

இன்னொரு நாள் பெரியம்மா, "மாதாகிட்ட வேண்டிகினேன், இன்னிக்கி இடுப்பு வலி தேவலாம்" என்றார். இவர் மாத்திரையைக் கையில் கொடுத்துக்கொண்டே, "வேண்டிக்காத நாள்ல எப்டிம்மா இருக்கும்?" என்றார். பெரியம்மா மகளை ஏற இறங்கப் பார்த்தார். "வேண்டிக்காத நாளே கெடையாதுடி எனுக்கு." இவர் தண்ணீர் டம்ளரை நீட்டினார்.

ஏழாம் நாள் போனபோது வீட்டில் காற்று மாறியிருந்தது. முதல் நாலு நாள் கதிரைச் சரிசெய்வதிலேயே போய்விட்டதாம். அடுத்த இரண்டு நாளில், நாளுக்கு மூன்றாக ஆறு ஷிப்டில், பதினொரு எண்ணிக்கை வந்திருந்தது. எதிர்பார்த்த இடத்தில் எதிர்பார்த்த மாதிரி. அந்த வெடிப்பில் சோடியம் எவ்வளவு வேகமாக எரிகிறது என்று இந்தப் பதினொன்றை வைத்துச் சொல்லிவிடலாமாம். அவருடைய பெரிய ஆபீசர் போனில் சந்தோஷமாகப் பேசியது எனக்கே கேட்டது. எனக்கு இங்கிலீஷ் அரைகுறை. ஆனால் இவர் குரல் மட்டும் இறங்கிக்கொண்டே போனது. வைத்ததும் கேட்டேன்.

"இன்னும் ரெண்டு நாள்தான் பீம் இருக்குண்ணே. கேஸோடவே ஓட்டுவோம், பதினொண்ணு இருவதாவும், எழுதி அனுப்பிடலாங்கறாரு. கேஸ் இல்லாம ஒரு நாளாவது ஓட்டணும்னு நான் கேக்குறேன்."

"ஓட்டினா?"

"ஒண்ணும் வரலன்னா பதினொண்ணும் நம்மளுது. எழுதலாம். எனக்கும் அங்க வேலை நிக்கும். கான்ட்ராக்ட் இந்த வருஷத்தோட முடியுது."

"வந்துட்டா?"

அவர் கொண்டையிலிருந்த பேனாவை எடுத்தார், செருகினார், மறுபடி எடுத்தார். "ஆறு வருஷம் இதுக்காக ஓடினேன்."

"அப்போ உட்டுடேம்மா. ஓட்டாம உட்டா யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியுமேண்ணே."

கடைசியில் ஒரே ஒரு ஷிப்ட் கொடுத்தார்கள். அவருடைய ஷிப்ட், எட்டாம் நாள். அதிலும் ஒரு நிபந்தனை. கதிர் சரியாகப் போகிறதா என்று பார்க்கிற ஆள் இவர். லைன் கால் மணி நேரத்துக்கு மேல் அறுந்தால், நேரம் வீணாகக்கூடாது, அங்கே இருப்பவர்கள் கேஸை உள்ளே விட்டுவிடுவார்கள். கேஸ் இல்லாத அந்த வெறும் ஓட்டம் அதோடு முடிந்தது.

எட்டாம் நாள் எங்கள் ஊர் மாதா தேர்.

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். தேர் என்றால் அந்தத் தெருவில் குறுக்கே ஒரு ஒயர் இருக்கக் கூடாது. கரண்டை நிறுத்திவிடுவார்கள். நான் முதல் நாளே என் ஒயரையெல்லாம் கழற்றிச் சுருட்டிக் கட்டிவிட்டு, மறுநாள் காலையில்தான் மாட்டுவேன். வருஷா வருஷம் வழக்கம். இதை அவரிடம் சொன்னபோது முகம் வெளுத்துவிட்டது.

"நீ கவலப்படாதம்மா. கரண்டு போனாலும் மோடத்துக்கு பேட்டரி வெக்கிறேன். உன் வூட்டு ஒயரு ஒண்ண மட்டும் கழட்ட மாட்டேன். கவட்டைக் கம்பு போட்டு நானே தூக்கிப் புடிக்கிறேன். தேர் அடியில பூந்து போயிடும்."

எதற்கும் இருக்கட்டும் என்று தேரன்று காலையில் பின்பக்கத்திலிருந்து ஒரு மாற்று லைன் இழுக்க முடியுமா என்று மோடத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அவர் சுவரைப் பார்த்தார்.

"இது இன்னாண்ணே கோடு?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. "என் வண்டவாளம்தான். நெட்டு போன நாளெல்லாம் பெரியம்மா எண்ணி வெச்சிருக்காங்க. கிறிஸ்மஸுக்கு வெள்ள அடிச்ச சொவரு. அதுக்கப்புறம் போட்டதுதான் இத்தினியும்."

அவர் எண்ணினார். அறுபத்தெட்டு. பெரியம்மா கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"உங்ககிட்ட ரெக்கார்டு இருக்குமே?"

இருந்தது. எந்த மோடம் எப்போது அணைந்தது என்று செல்லில் காட்டும். அந்த வீட்டுக்குப் போட்டுப் பார்த்தேன். கிறிஸ்துமஸிலிருந்து மூன்றே தரம். அதில் ஒன்று நானே மோடம் மாற்றியது.

"நெட் போனது மூணு. கோடு அறுவத்தெட்டு" என்றார். "நெட் போகாதப்பவும் கோடு வருது."

சொல்லிவிட்டுத் தன் செல்லை எடுத்தார். எதையோ மேலே மேலே தள்ளிக்கொண்டே போனார். பக்கத்தில் நின்ற எனக்குத் தெரிந்தது. அவர் அம்மாவைக் கூப்பிட்ட தேதிகள். நடுவில் நாள் நாளாக இடைவெளி. தள்ளித் தள்ளிப் பார்த்தவர், அப்படியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

எனக்கும் அப்போதுதான் விளங்கியது. அந்தக் கோடெல்லாம் என் நெட் போன நாளில்லை. பொண்ணு பேசாத நாள். அதற்கு ஊரில் பழி சுமந்தது என் ஒயர்.

மத்தியானம் பன்னிரண்டரைக்கு வெறும் ஓட்டம் ஆரம்பித்தது. மாற்று லைன் எட்டவில்லை, ஒரே ஒயர்தான். நாலு மணிக்கு வந்து பார்த்தேன். பூஜ்யம். அஞ்சரைக்கு எட்டிப் பார்த்தேன். விரலை வளைத்து முட்டை காட்டினார். கண்ணில் மெல்ல ஒரு வெளிச்சம். கோயிலில் வேட்டு போட்டார்கள். தேர் கிளம்பிவிட்டது.

நான் ஏணியைச் சாய்த்துக் கவட்டைக் கம்போடு ஏறி நின்றேன். தேர் திரும்பியதும்தான் பார்த்தேன். இந்த வருஷம் புதுசாக, மாதா தலைக்கு மேலே ஆள் உயரத்துக்கு ஒரு எல்.இ.டி. நட்சத்திரம் வைத்துவிட்டார்கள். யாரும் என்னிடம் சொல்லவில்லை. கம்பை எட்டின மட்டும் தூக்கினேன். ஒயர் நட்சத்திரத்தின் கழுத்துக்குத்தான் வந்தது.

"கேபிள்காரரே, கழட்டுய்யா! மாதாவ நிக்க வெச்சிகினு இன்னா வேடிக்க?" என்று கீழே கத்தினார்கள்.

ஜாயிண்டைக் கழற்றினேன். மணி ஆறு எட்டு.

உள்ளேயிருந்து அவர் ஓடி வந்தார். செல்லைத் தூக்கிப் பிடித்தபடி சுற்றினார். அன்றைய கூட்டத்துக்குச் செல்லில் ஒரு கோடு சிக்னல்கூட நிற்கவில்லை. "அண்ணே, எவ்ளோ நேரம்?" என்றார். "தேர் தாண்டினதும் மாட்டிடுறேம்மா" என்று கத்தினேன். ஆனால் தேர் நேராக அந்த வீட்டு வாசலில் வந்து நின்றுவிட்டது. தெருவுக்குத் தெரு நின்றுதான் போகும். ஜனங்கள் தேர் மேல் உப்பும் மிளகும் வீச வேண்டும். அது வேண்டுதல்.

"ஏய், என்ன வெளிய தள்ளுடி" என்று பெரியம்மா உள்ளிருந்து குரல் கொடுத்தார். மகள் ஒரு கணம் என் கையிலிருந்த ஒயர் முனையைப் பார்த்தார். ஒரு கணம் உள்ளே பார்த்தார். பிறகு போய்ச் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தார். ஏணி அவர்கள் தலைக்கு மேலேயே இருந்ததால் எனக்கு எல்லாம் கேட்டது.

"ஏம்மா அண்ணன் மேல பழிய போட்ட?"

பெரியம்மாவுக்கு எதைக் கேட்கிறார் என்று உடனே புரிந்துவிட்டது. "பின்ன? பொண்ணு பேசலன்னா ஊருக்குச் சொல்லுவாங்க? நெட்டு இல்லன்னா யாருக்கும் யார் மேலயும் கோவம் வராது." அண்ணாந்து என்னைப் பார்த்தார். "உனுக்குக் கோவமா, கேபிளு?"

"எனுக்கு இன்னா பெரியம்மா. மோடத்த மாத்தினேன், ஒயர மாத்தினேன், அவ்ளோதான்."

"நான் இல்லாதப்ப இடுப்பு எப்டிம்மா இருந்துச்சு?" என்றார் மகள். குரல் அவருடையது மாதிரியே இல்லை.

"நீ இல்லாதப்ப எப்டி இருந்துச்சுன்னு நீ எப்டிடி எண்ணுவ? நாந்தான் எண்ணணும். எண்ணினேன், போ" என்ற பெரியம்மா, மடியிலிருந்த காகிதப் பொட்டலத்தைப் பிரித்தார். "கை எட்டாது எனுக்கு. நீ வீசு."

அவர் உப்பை அள்ளி வீசினார். பாதி காற்றில் போனது. கொஞ்சம் தேர்க்காலில் பட்டது. ஒரு பங்கு என் தலையில் விழுந்தது.

"பட்டுச்சா? ஒண்ணாவது மாதா மேல பட்டுச்சாடி?"

"ஒண்ணு பட்டுச்சும்மா. பாத்தேன்."

நான் மேலே இருந்தேன். எனக்கு ஒன்றும் பட்ட மாதிரி தெரியவில்லை. அவருக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவும் இல்லை.

தேர் நகர்ந்ததும் ஜாயிண்டை மாட்டினேன். முதல் தரம் பொருந்தவில்லை. இரண்டாம் தரம் பொருந்தியபோது ஆறு இருபத்திரண்டு. பதினாலு நிமிஷம். கனடாவில் யாரோ கேஸ் குழாயில் கையை வைத்திருந்தாராம். எடுத்துவிட்டார்.

ஏணியிலிருந்து இறங்கி உள்ளே போனேன். அவர் திரை முன்னால் நின்றுகொண்டிருந்தார். முட்டை இருந்த இடத்தில் ஒன்று.

"ஆறு பதினாலுக்கு வந்திருக்குண்ணே. நான் பாக்காதப்ப."

"ஒண்ணுதானேம்மா?"

"ஒண்ணுதான். ஒரு ஷிப்டுக்கு ஒண்ணுன்னா, ஆறு ஷிப்டுக்கு ஆறு பொய்யா இருக்கலாம். பதினொண்ணுமே பொய்யா இருக்கலாம். ஒண்ணுகூட பொய்யில்லாமலும் இருக்கலாம். இனிமே பதினொண்ணுன்னு சொல்ல முடியாது." மீதி இரண்டு மணி நேரமும் நடந்தார். வேறெதுவும் வரவில்லை. எட்டரைக்கு லேப்டாப்பை மூடிவிட்டு, "இதுக்கு மேல இல்லன்னு மட்டும் எழுதலாம்" என்றார். அப்படியும் எழுதுவார்களாம். எவ்வளவு என்று தெரியாதபோது, இதற்கு மேல் இருக்க முடியாது என்று ஓர் எல்லை போட்டுக் கொடுப்பார்கள். அதை வைத்துக்கொண்டு நட்சத்திரக்காரர்கள் மேலே கணக்குப் போட வேண்டியது.

"வேலை?"

"ஒரு வருஷம் நீட்டுவாங்கன்னு நெனைக்கிறேன். அதுக்கு மேல இல்ல" என்றார். தான் சொன்னது தனக்கே காதில் விழுந்து சிரித்தார்.

அவர் கிளம்பிப் போய் மூன்று வாரம் இருக்கும். பெரியம்மா கம்பு பிடித்து நடக்க ஆரம்பித்திருந்தார். அந்த மூன்று வாரமும் கம்ப்ளெயிண்ட் இல்லை. ஒரு நாள் காலையில் போன். "கேபிளு, ரெண்டு நாளா நெட்டு இல்ல."

எனக்கு மனசே சரியில்லை. மறுபடியும் ஆரம்பித்துவிட்டதா? என் லைனில் ஒன்றும் இருக்காது, பச்சை விளக்கு எரியும், நான் ஒன்றும் தெரியாதவன் மாதிரி முனையை மாற்ற வேண்டும். இதையெல்லாம் யோசித்துக்கொண்டே உள்ளே போனேன். மோடத்தில் சிவப்பு எரிந்தது.

மாடிக்கு ஓடினேன். அணில் கடித்து ஒயரைத் துண்டாக்கி வைத்திருந்தது. என் ஒயர் அறுந்ததற்கு நான் சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அந்த ஒரு நாள்தான். அறுந்த முனையைக் கையில் வைத்துக்கொண்டு வெயிலில் தனியாகச் சிரித்தேன். கோழிக்காரம்மா கீழேயிருந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது.

ஒட்டுப்போட்டுவிட்டு இறங்கி வந்ததும் கட்டிலில் கிடந்த பெரியம்மாவின் செல் டிங், டிங் என்று அடித்தது. நின்றது. மறுபடி இரண்டு தரம்.

"இன்னாடா சத்தம் அது?"

"உங்க பொண்ணு பெரியம்மா. நேத்து ரெண்டு தபா, இன்னிக்கி ரெண்டு தபா கூப்ட்டிருக்கு."

"நெட்டு இல்லாதப்பவா?"

"இல்லாதப்பதான்."

பெரியம்மா எழுந்து கம்பை ஊன்றிச் சுவரண்டை போனார். பழைய கோடுகளுக்குக் கீழே கொஞ்சம் இடம் விட்டு ஒரே ஒரு புதுக் கோடு இருந்தது. "நேத்துக்குப் போட்டுட்டேனே. அத அழிக்கணுமா, வேணாமா?"

"நீங்களே கேளுங்க" என்று நம்பரைப் போட்டுக் கையில் கொடுத்தேன்.

முதல் மணியிலேயே பொண்ணு எடுத்துவிட்டார். திரையில் முகம் குலுங்கியது. எங்கேயோ நடந்துகொண்டிருந்தார்.

"ஏண்டி, நெட்டு இல்லாதப்ப நீ கூப்ட்டா, அது கூப்ட்ட கணக்கா, கூப்டாத கணக்கா?"

அங்கே குலுக்கம் நின்றது. எதையோ தரையில் இழுக்கிற சத்தம் கேட்டது. நாற்காலி. அவர் உட்கார்ந்தார்.